இருமிய ஆசானும் எடுக்கப்படாத காலாளும்

மழையும் விளைவும் பெருகுக. கருமணலாற்றின் தென்கரையில் கழனியும் காடும் உப்பளமும் தன் குடைநிழலில் கொண்ட கொன்றைநாட்டின் அரசி, முரசுடைச் செல்வி, செம்மலர்க்கோதை நாச்சியார், வடகரை ஆளும் கடம்பகிரி வேந்தரும், எண்திசையும் அஞ்சும் ஏறு என்று தம் ஓலைகளில் தம்மைத் தாமே அழைத்துக்கொள்பவருமான அடலேற்றுக் கோமானுக்கு எழுதுவிக்கும் திருமுகம்.

உம் நாட்டுக் குடிகள் நலமுற்று வாழ்க. உம் ஏரிகள் நிறைக. உம் பட்டத்தரசியார்க்கு எம் அன்பும் வணக்கமும் தனியே உரியன ஆகுக. உமக்கும் மரபுப்படி உரிய வாழ்த்தைச் சொல்லிவிட்டோம் என்று கொள்க.

உம் தூதுவர் கொணர்ந்த ஓலை எம் அவையில் உரக்கப் படிக்கப்பெற்றது. படித்த ஓலைநாயகர் இருமுறை நிறுத்திச் சிரிப்பை அடக்க நேர்ந்தது. அது அவைக்குற்றம் ஆயினும், அவரை யாம் கண்டிக்கவில்லை. புன்னைத்துறையில் நடந்த சதுரங்க ஆட்டம் செல்லாது என்றும், எம் நாட்டுப் பெண் ஆடிய தொடக்கம் அரசகுலத்தை இழிவுபடுத்தியது என்றும், உம் ஆசான் அநீதியாக வெளியேற்றப்பட்டார் என்றும், உம் மகன் எம்மால் கவர்ந்து வைக்கப்பட்டிருக்கிறார் என்றும், ஆகவே உம் குதிரைப்படை ஆற்றங்கரைக்கு வந்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர். இத்தனை பொய்யை ஓர் ஓலையில் அடக்கியவர் உம் எழுத்தர் ஆயின் அவர் கைத்திறத்தைப் பாராட்டுகின்றோம். நடந்ததை நடந்தபடி யாம் எழுதுவிக்கின்றோம். ஆட்டத்தைக் காணாத உம் அமைச்சர்களும் உண்மையை ஒருமுறை கேட்கட்டும் என்பதே நோக்கம். நீர் மறந்திருப்பீர் என்பதற்காக அன்று.

புன்னைத்துறை யாருடையது என்ற வழக்கு உம் தந்தை காலத்தது. அந்த ஓடத்துறைக்காக இரு கரையிலும் படகுகள் எரிந்தன. மாடு ஓட்டிச் சென்றவர் திரும்பவில்லை. எம் உடன்பிறந்த தம்பி அங்கேதான் வீழ்ந்தார். இவ்வளவுக்கும் பின்னர், இனி வீரர் சாகவேண்டா, இரு நாட்டிலிருந்தும் பதினேழு வயது நிரம்பாத ஒருவர் வீதம் அமர்ந்து சதுரங்கம் ஆடட்டும், வென்றவர் நாட்டுக்குத் துறை சேரட்டும் என்று சொல்லியனுப்பியவர் யார்? நீர். யாம் கேட்கவில்லை. அருள் மிகுந்து நீர் கேட்டதாக அன்று உம் நாட்டில் பாடினார்கள் என்று அறிகின்றோம். எம் நாட்டின் மூத்த ஆட்டக்காரரை வெல்ல உம் அவையில் எவரும் இல்லை என்பதும், உம் மகன் ஆதிரையன் ஐந்து வயதிலிருந்தே பலகை முன் அமர்த்தப்பட்டவர் என்பதும், எம்மிடம் அந்த வயதில் ஆடத்தக்கவர் இல்லை என்று உம் ஒற்றர் சொன்னதும் அந்த அருளுக்குக் காரணம் என்பது எமக்கு அப்போதே தெரியும். தெரிந்தே இசைந்தோம். பிணம் எண்ணி அலுத்திருந்தோம்.

எம் பக்கத்தில் ஆடியவள் தாழை. பதினைந்து வயதினள். வீழ்ந்த எம் தம்பியின் மகள். அவளை அனுப்ப எமக்கு மனம் இருக்கவில்லை. தந்தை இறந்த துறையைத் தோற்றுவிட்டு வாழ்நாள் முழுதும் அதைச் சுமப்பாளே என்று அஞ்சி, வேறு ஒருவரைத் தேடலாம் என்றோம். அவள் எம் அறைக்கு வந்து, "அத்தை, நானே போறேன். தோத்தா என்ன ஆகும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? அதனாலதான் சொல்றேன்" என்றாள். உம் ஓலை பலர் பேச்சைத் திரித்திருப்பதால், பேசியவர் பேசியபடியே இங்கு எழுதுவிக்கின்றோம். அரண்மனை நடைக்கு ஒவ்வாது என்று உம் புலவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நடுவராக வேளூர் நாட்டு நீதிமான் சாத்தங்கண்ணரை வைத்ததும் நீரே. முதல் நகர்வு உம் மகனுக்கே வேண்டும் என்று கேட்டீர், தந்தோம். உம் இருக்கை எம் இருக்கையினும் உயரமாக இருக்கவேண்டும் என்று கேட்டீர்; ஆற்றங்கரையில் கிடந்த செங்கற்களை உம் ஆட்களே அடுக்கிக்கொண்டார்கள். பலகைக்கு எட்டும் தொலைவில் உம் சதுரங்கப் பேராசான் விடங்கதேவர் அமரவேண்டும் என்று கேட்டீர். அதற்கும் எம் பெண் தடை சொல்லவில்லை. வேறு எதையும் கேட்க உமக்குத் தோன்றவில்லை போலும்; தோன்றியிருந்தால் அதையும் தந்திருப்போம்.

ஆட்டம் தொடங்கிற்று. உம் மகன் அரசருக்கு முன்னிருந்த காலாளை நகர்த்தினார். தாழையும் அவ்வாறே நகர்த்தினாள். அடுத்து உம் மகன் பக்கத்துக் காலாளை முன்னே தள்ளி, எம் காலாள் வெட்டும் இடத்தில் காவலின்றி நிறுத்தினார். உம் பக்கத்திலிருந்து பெரும் ஆரவாரம் எழுந்தது. அதுவே உம் நாட்டார் வேங்கைப்பாய்ச்சல் என்று பெயரிட்டுப் பெருமை பேசும் தொடக்கம் என்று அப்போது அறிந்தோம். அந்தக் காலாளை எதிரி வெட்டினால் உம் மூலையானைக்கு நேர்வழி திறக்கும். அதன்பின் குதிரையும் அமைச்சரும் யானையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்து எதிரியின் அரசரைச் சூழும். அவ்வழியில் வரக்கூடிய நகர்வுகள் அனைத்தையும் விடங்கதேவர் உம் மகனுக்குப் பாடமாக ஓதுவித்திருந்தார். இதுவரை எதிர்த்தவர் அனைவரும் வெட்டினார்கள், அனைவரும் தோற்றார்கள்.

தாழை வெட்டவில்லை. கையில் வைத்திருந்த பொரியை வாயிலிட்டுக்கொண்டு அந்தக் காலாளை நெடுநேரம் பார்த்தாள். பின்னர் அதைத் தொடாமல் தன் குதிரையை வெளியே கொணர்ந்தாள்.

இதைத்தான், வேந்தரே, உம் ஓலை அரசகுலத்துக்கு இழிவு என்கிறது. கடம்பகிரி இளவரசர் தம் கையால் ஈந்ததைக் கொன்றைநாட்டுப் பெண் ஏற்க மறுத்தாள், ஈகையை மறுப்பது பகை என்று நீதிநூல் கூறும் என்று எழுதியிருக்கிறீர். எந்த நீதிநூல் என்று எழுதவில்லை. யாமும் தேடினோம், எம் நூலகத்தில் இல்லை. பகைவன் அரசனைக் கொல்வதற்காக வைத்த கண்ணியை ஈகை என்று சொல்லும் துணிவு நூல்களுக்கு வருவது அரிது, உமக்கே வரும். அன்று ஆட்டம் முடிந்தபின் ஏன் வெட்டவில்லை என்று உம் மகனே அவளிடம் கேட்டார். அவள் சொன்ன விடை இது: "நீங்க அவ்வளவு ஆசையா குடுத்தீங்க. உங்க ஊர்க்காரங்க எல்லாரும் எழுந்து நின்னு பார்த்தாங்க. அதுல என்னமோ இருக்குன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு." உம் மக்களின் ஆரவாரம்தான் உம் கண்ணியைக் காட்டிக்கொடுத்தது. அதற்கு யாம் என்ன ஈடு தரவேண்டும்?

வெட்டப்படாத அந்தக் காலாள் உம் யானையின் வழியிலேயே நின்றுகொண்டது. உம் மகன் படித்த பாடமெல்லாம் அது வெட்டப்பட்ட பின்னர்த் தொடங்குவது. அவர் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பின்னர் உம்மைப் பார்த்தார். நீர் விடங்கதேவரைப் பார்த்தீர். விடங்கதேவர் இருமினார்.

ஆற்றங்காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றே முதலில் நினைத்தோம். சுக்கு வெந்நீர் கொடுக்கச் சொல்லி ஆளும் அனுப்பினோம். அவர் ஒருமுறை இருமினால் உம் மகன் குதிரையைத் தொட்டார். இருமுறை இருமினால் யானையைத் தொட்டார். தொண்டையைக் கனைத்தால் கையை எடுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் எம் பக்கத்தில் இருந்த ஓடக்காரர்கள்கூட அடுத்த இருமலுக்கு எந்தக் காய் என்று தங்களுக்குள் பேசிக்கொள்ளலாயினர். இத்தனை வெளிப்படையான களவை யாம் கண்டதில்லை. அதனினும் வியப்பு, அந்த இருமல்கள் காட்டிய நகர்வுகள் அனைத்தும் பிழையானவை. அவர் பாடமும் அதே இடத்தில் முடிந்துபோயிருந்தது. கேட்டுக் கேட்டு ஆடிய உம் மகன் ஓர் அமைச்சரை இழந்தார். அவருடைய அரசக்காய் நடுப்பலகையில் வெயிலில் நிற்பவர்போல் தனியே நின்றது.

எம் அமைச்சர்கள் நடுவரிடம் முறையிட எழுந்தார்கள். தாழை கையமர்த்தினாள். அவள் அவ்வாறு ஏன் செய்தாள் என்று பின்னர்க் கேட்டபோது, "அவர் இருமட்டும் அத்தை, எனக்கு நல்லதுதானே" என்றாள். உம் பேராசானைப் பற்றி இதனினும் சுருக்கமாக எம்மால் எழுத இயலாது.

அப்போதுதான் உம் மகன் எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. கைகூப்பி நடுவரிடம், "ஐயா, எங்க ஆசானை வெளிய அனுப்பிடுங்க. அவர் இருமுற வரைக்கும் என்னால யோசிக்க முடியல" என்றார். நடுவர் உம் பக்கம் திரும்பி, இளவரசர் வேண்டியபடி செய்யலாமா என்று முறைப்படி கேட்டார். உயர்த்திய இருக்கையில் அமர்ந்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தீர். விடங்கதேவர் எழுந்து சென்றார். எம் வீரர் எவரும் அவரைத் தொடவில்லை. உம் ஆசானை வெளியேற்றியவர் உம் மகன். அநீதி என்று எம்மீது குற்றம் எழுதும் கை, அந்த ஒரு செய்தியை எழுதாமல் விட்டது ஏன்?

அதன் பின்னர் நடந்ததே ஆட்டம். ஆதிரையன் தம் அறிவால் ஆடினார். இழந்ததை எண்ணாமல், இருந்ததைக் கொண்டு ஆடினார். தம் குதிரையைத் தாமே கொடுத்துத் தம் அரசரை மூலைக்குக் கொண்டுசென்று காத்தார். தாழையின் யானை ஒன்றை மூன்று பக்கமும் அடைத்துப் பிடித்தார். எம் பக்கத்தில் கேலி பேசியவர் எழுந்து நின்று பார்த்தார்கள். தாழை பொரியை மறந்தாள். மடியிலிருந்து அது சிந்திக் காகம் கொத்தியதையும் கவனிக்கவில்லை. வெற்றி கைநழுவிற்று என்று ஒரு நேரம் அஞ்சினோம். தம்பியின் முகம் கண்முன் வந்தது. ஒரே ஒரு காலாள் அவளிடம் மிகுந்திருந்தது. அதைக் கட்டம் கட்டமாக நடத்திக் கடைசி வரிசைக்குக் கொண்டுசென்றாள்; அங்கே எட்டிய காலாள் பெருங்காயாக உயரும், அதன்பின் அதைத் தடுக்க உம் மகனுக்கு வழியில்லை.

உம் மகன் தம் அரசரைப் பலகையில் சாய்த்துவைத்தார். "தோத்துட்டேன். நல்லா ஆடினீங்க" என்றார். தாழை எழுந்து நின்று வணங்கினாள்.

நீரும் எழுந்தீர். என்ன சொன்னீர் என்பதை உம் ஓலை மறந்துவிட்டது. இரு கரை மக்களும் மறக்கவில்லை. தோல்வியைத் தன் வாயால் ஒப்புபவன் உம் மகன் அல்லன் என்றும், அவன் எங்கேயேனும் போகட்டும் என்றும் அறிவித்தீர். பல்லக்கும் குதிரைகளும் உம்முடன் சென்றன. உம் மகனுக்குக் குடைபிடித்தவரும் சென்றார். விரித்த கம்பளத்தையும் உம் ஆட்கள் உருவிக்கொண்டு போக, அதன்மீதிருந்த பலகையை உம் மகன் கைகளில் தூக்கிக்கொண்டு நின்றார். பிறகு மணலில் அமர்ந்து காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கலானார். தாழை எதிரே அமர்ந்து எடுத்துக்கொடுத்தாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்தார். மீதமிருந்த பொரியை அவரிடம் நீட்டினாள். இதைத்தான் நீர் கவர்ந்து செல்லுதல் என்று எழுதியிருக்கிறீர்.

அவர் எம் விருந்தினர் மாளிகையில் தங்கினார். கதவுக்குக் காவலில்லை. பகலெல்லாம் தாழையும் அவரும் ஆடினார்கள். முதலில் தோற்றார், பின்னர்ச் சமன் செய்தார், அண்மையில் ஒருநாள் அவளை வென்றும்விட்டார். அன்று அவர் சிரித்ததை மாளிகை முழுவதும் கேட்டது. அந்தச் சிரிப்பை நீர் கேட்டிருக்கமாட்டீர் என்று எம் பணிமகளிர் பேசிக்கொண்டார்கள். இத்தனை ஆண்டு ஓதியும் உம் பேராசான் கற்பிக்காததை, அவர் இருமாத ஓர் இடத்தில் உம் மகன் தாமே கற்றார்.

உம் ஓலையை அவர் முன்னிலையிலேயே படிக்கச் செய்தோம். கேட்டு முடித்தார். பின்னர், "நான் தோத்ததுக்கு அப்பா கோவிச்சுக்கலாம். ஒத்துக்கிட்டதுக்குக் கோவிச்சா நான் என்ன செய்ய?" என்றார். விரும்பும் காலம்வரை இங்கிருக்கலாம், எம் மகனைப்போல் வைத்துக்கொள்வோம் என்றோம். உண்மையாகவே சொன்னோம். அவர் வேண்டா என்றார். "என்னைக் காட்டித்தானே அம்மா அங்க குதிரைங்க நிக்குது. நான் போய் முன்னால நின்னுட்டா அவங்களுக்குக் காரணம் இல்லாமப் போயிடும்" என்றார். அப்போது தாழை, "உங்க அப்பா அடிப்பாரா?" என்று கேட்டாள். அவர் அதற்கு விடை சொல்லவில்லை. உம் படையைக் கண்டு எம் அவை கலங்கியதில்லை, வேந்தரே. அந்த மௌனத்தைக் கேட்டுக் கலங்கிற்று.

ஆகவே அறிக. இவ்வோலையை உம் கையில் தந்து நிற்பவர் எம் தூதுவர் அல்லர். உம் மகன் ஆதிரையன். தாமே கேட்டு, தாமே ஓடமேறி, காவலின்றி வந்திருக்கிறார். உம் குதிரைவீரர் அனைவரும் காண உம் பாசறை வழியே நடந்து வந்திருப்பார். கவரப்பட்டவரை மீட்க வந்தோம் என்று அவர்களுக்கு நீர் சொல்லியிருந்தால், மீட்கவேண்டியவர் நடந்து வந்துவிட்டார், வீடு திரும்புங்கள் என்றும் நீரே சொல்லவேண்டும். அதைச் சொல்ல உமக்கு நாவெழாதாயின் அவரே சொல்வார். வீரர்கள் அவர் சொல்லைக் கேட்பார்கள் என்றே எமக்குத் தோன்றுகிறது.

இனி எம் ஆணை. புன்னைத்துறை கொன்றைநாட்டுடையது. வருகின்ற நிறைமதிக்குள் உம் கொடி அங்கிருந்து இறங்கவேண்டும். வடகரை மக்கள் முன்போலவே மாடும் சுமையும் கொண்டு அவ்வழியே கடக்கலாம். அவர்களோடு எமக்கு வழக்கு இல்லை. மறு ஆட்டம் என்று நீர் கேட்டது மறுக்கப்பட்டது. தாழையும் ஆதிரையனும் மீண்டும் ஆட விரும்பினால் அது அவர்கள் விருப்பம். அதில் துறையும் இல்லை, நாடும் இல்லை, நீரும் இல்லை. எம் ஓடம் ஒன்று உம் கரையிலேயே நிற்கும். இளவரசர் நலமாக இருக்கிறார் என்று அவர் வாயால் சொல்லக் கேட்கும்வரை அது திரும்பாது. அந்த ஓடத்தில் தாழை அமர்ந்திருக்கிறாள். அவளைத் தடுக்க எம்மால் இயலவில்லை. அவள் தலையில் ஒரு மயிர் கலைந்தாலும், இதுவரை உம்மீது எமக்கிருந்த ஏளனம் வேறொன்றாக மாறும்.

இவ்வோலையின் கடைசி ஏட்டில் ஒரு வரி சுரண்டப்பட்டிருப்பதைக் காண்பீர். எழுத்தர் பிழையன்று. உம்மைப் பற்றி யாம் எழுதுவித்த வரி அது. எழுதி முடித்து இளவரசர்க்குப் படித்துக் காட்டியபோது மற்றதெல்லாம் உண்மைதான் என்றார். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று தயங்கிக் கேட்டார். எடுத்துவிட்டோம். அவர் பொருட்டு எடுத்தோம், உம் பொருட்டன்று.

கொன்றைநாட்டு அரசமுத்திரை, மெழுகில் எம் கையால் பதித்தது. நீரும் நிலமும் உள்ளவரை இச்சொல் நிற்க.

இதைப் படித்து முடிக்கும்வரை அவரை நிற்கவைத்திருந்தீராயின், இப்போதாவது அமரச் சொல்லும்.